ஆணியில் தொங்கிய 117

மாவட்ட ஆவண அறை, நெவாடா
15 மார்ச் 1974

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், என் தவறுகளையும் சேர்த்து. கோபம் வந்தால் முழுவதும் படித்த பிறகு வரட்டும்.

அம்மா நலம். பின்கதவு மறுபடி சிக்குகிறது. நீங்கள் வந்துதான் இழைக்க வேண்டும்.

சுரங்கத் தீயில் இறந்தவர்களுக்கான நூற்றாண்டுக் கல்லில் உங்கள் கொள்ளுத்தாத்தா டிகரியின் பெயரைச் சேர்க்க இன்று ஐந்து மணிதான் கெடு. மூன்று வாரமாகப் பள்ளி விட்டதும் இங்கேதான் கிடக்கிறேன்.

இன்று நம் வீட்டுப் பித்தளை வில்லையை, டிகரி தாத்தாவின் சுரங்க எண் 117 பொறித்ததை, சாட்சியாகக் கொண்டுவந்தேன். அதுதான் முதல் தவறு. ஆவணக் காப்பாளர் திருமதி ருடிக் அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அடி கண்ணு, இறங்குறவன் வில்லைய ஆணியிலேருந்து எடுத்துக்கிட்டுல்ல போவான்? இது கருகவே இல்ல, தீ அணைஞ்சப்புறமும் ஆணியிலயே தொங்கியிருக்கு. அப்ப உங்காளு இறங்கவே இல்ல" என்றார். சுரங்கப் பேரேட்டிலும் அப்படித்தான்: "117. இறங்கவில்லை. ஊரைவிட்டு ஓடிவிட்டான்."

நூறு வருடமாக நாம் துணியில் சுற்றிக் காத்தது டிகரி தாத்தாவுக்கே எதிரான சாட்சி! அழவில்லை. பெஞ்சை உதைத்தேன். கால் இன்னும் வலிக்கிறது.

பிறகு தீ விபத்து விசாரணைத் தாள்களின் கட்டைப் பிரித்தேன். பிழைத்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: இடக்கையில் இரண்டு விரல் இல்லாத ஒருவன், வேலை முடிந்து வீட்டுக்குப் போனவன், புகையைக் கண்டு ஓடிவந்து இறங்கினான், எங்கள் இருவரை மேலே ஏற்றிவிட்டு மறுபடி உள்ளே போனான், வரவில்லை.

கல்யாணப் படத்தில் டிகரி தாத்தாவின் இடக்கையை நினைத்துப் பாருங்கள். காப்பாற்ற ஓடுகிறவர் வில்லை எடுக்க நிற்பாரா?

"விரல் பேரு சொல்லாதும்மா. பேரு எழுதின காயிதத்தக் கொண்டா" என்றார் திருமதி ருடிக். நான் கத்தினேன். "எங்கிட்ட குதிச்சு என்ன ஆவப்போவுது? 'பெயர் தெரியாத ஒருவர், காப்பாற்றப் போனவர்'னு கல்லுல ஒரு வரி போடச் சொல்றேன். அதுவும் வேணாம்னா வீட்டுக்குப் போ" என்றார்.

மாட்டேன் என்றேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில், உங்களைக் கேட்காமலே, அந்த ஒரு வரிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஓடிப்போனவராக இருப்பதைவிடப் பெயரில்லாதவராக இருக்கட்டும் என்று தோன்றியது. சரியா தப்பா, தெரியவில்லை. நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

அப்பா, ஐடஹோவில் உங்கள் சுரங்கத்திலும் வில்லைப் பலகை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் நீங்களும் ஓடுவீர்கள், எனக்குத் தெரியும். ஓடாதீர்கள் என்று எழுத மாட்டேன். வில்லையை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

உங்கள் மகள்,
வென்னா ட்ரெகியர்

கடைசி வரிகள் கோணலாக இருக்கும். திருமதி ருடிக் விளக்கை அணைத்துவிட்டார்.