கவுதாரி கேசட்டின் குரலுக்கு

என் அன்பு மச்சான் தனசேகரா,

நீ கண்ணை மூடியதிலிருந்து சண்டை போட ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடந்தது. போன மாதம் ஒருவரிடம் போட்டுவிட்டேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும். நம் கவுதாரி கேசட்டைப் போலி கம்பெனி என்றவர்களும் கேட்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

பழைய பாட்டுகளை வாங்கி இணையத்தில் ஏற்றுகிற கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் மண்ணூர்பேட்டைக்கு வந்தார். ஐயப்பன்தாங்கலில் குடியிருக்கிறாராம். மரியாதையானவர்தான். நம் மூல டேப்புகள் மொத்தமும் வேண்டும் என்றார். உன் தங்கச்சி கலா ஓடிப்போய் காபி போட்டாள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "அங்கிள், வாய்ஸ மட்டும் மாத்திடுவோம். கம்ப்யூட்டர்லயே சினிமால பாடினவர் மாதிரி கொண்டுவந்துடலாம். பேரு பழையபடி கவுதாரி குழுன்னே இருக்கட்டும்."

கலா காபி டம்ளரை அவர் கையில் கொடுக்காமலே நின்றுவிட்டாள். "இன்னாபா சொல்ற? எங்க அண்ணன் கொரல எடுத்துட்டா அப்பால அதுல இன்னா கீது?"

"மியூசிக் இருக்கும்ல ஆன்ட்டி."

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். நாம் என்ன, அடுத்தவன் கேசட்டைப் பிரதி எடுத்து விற்றோமா? சினிமாப் பாட்டுகளுக்கு அனுமதி வாங்கி, என் அப்பாவின் மாட்டுக்கொட்டகையில் கோணிச்சாக்கு கட்டி, நாமே வாசித்து, நீயே பாடி எடுத்தவை. பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் சங்கு ஊதினால் பதிவு கெட்டுவிடும் என்று இரண்டு சங்குக்கு நடுவில் பாட்டை முடிப்போம். பெரிய கம்பெனி கேசட்டை வாங்க முடியாத லேத் பட்டறைக்காரனும் பேக்கிங் வேலைக்குப் போகும் பெண்ணும் ஆவடி பஸ் ஸ்டாண்டில் நம்மைத்தான் வாங்கினார்கள். அவர்கள் வீட்டில் பாட்டு கேட்டது யாரால்?

அந்த இளைஞர் ஒரு குறையையும் சொன்னார். ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தில் ஒரு வரியே இல்லையாம், அதையும் அவர்களே சேர்த்துக்கொள்வார்களாம். உனக்கு நினைவிருக்கிறதா? டீக்கடை டேப்பிலிருந்துதான் அந்தப் பாட்டை நாம் பாடம் பண்ணினோம். டேப் சிக்கி அறுந்து, கடைக்காரர் ஒட்டிப்போட்ட இடத்தில் ஒரு வரி போயிருந்தது நமக்குத் தெரியாது. நீ அப்படியே பல்லவிக்குத் தாவிவிட்டாய். கேசட் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்து, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

அப்புறம் நடந்ததை அவரிடம் சொன்னேன். காட்டுப்பாக்கத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. பாடியவர் அந்தப் பாட்டை முழுசாக, சரியாகப் பாடினார். முன் வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, "இன்னா நைனா, நடுவுல எத்தையோ சேத்துகினு பாடுற? ஒயுங்கா பாடு!" என்று சத்தம் போட்டார். நம் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் பாட்டு. நீ பாடினதுதான் பாட்டு. இதில் எது அசல், எது போலி? எனக்குத் தெரியும்.

டேப்பைத் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி மதித்துப் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. கேசட் அட்டையில் உன் பெயரைப் போட வேண்டாம் என்று தடுத்தவன் நீதானே? "பேரு வோணாம் மச்சான். உடம்பு சரியில்லன்னு லீவு சொல்லிட்டு வந்து பாடிகினு கீறேன். ஃபோர்மேன் பாத்தான்னா வேலை பூடும்." அதனால் எல்லா அட்டையிலும் சினிமா நடிகர் படம் இருந்தது, கீழே குழு என்று இருந்தது, நீ இல்லை. இப்போது எந்த ஃபோர்மேன் வந்து உன்னைக் கேட்கப்போகிறான்? நீயே மறுத்தாலும் இந்த முறை கேட்பதாக இல்லை.

எங்கள் மகள் உதவியோடு நாங்களே பாட்டுகளை ஏற்றத் தொடங்கிவிட்டோம். நீ மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூடத் துடைக்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் பாடியவர் பெயரைக் கலா சொல்கிறாள். முதல் பாட்டுக்கு மைக் முன்னால் உட்கார்ந்து, "பாடினது எங்க அண்ணன், மண்ணூர்பேட்டை தனசேகரன்" என்றாள். பெயருக்கு வரும்போது குரல் உடைந்துவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வோணாம், அப்பிடியே வுட்டுடு. அண்ணனுக்குக் கேக்கட்டும்" என்றாள்.

கேட்டதா மச்சான்? இனி உன் பாட்டு எங்கே ஒலித்தாலும் உன் பெயர்தான் முதலில் வரும். நான் உயிரோடிருக்கும்வரை வேறொருவன் குரலை உன் மேல் போர்த்த விடமாட்டேன்.

உன்னோடு சண்டை தீராத,
உன் தங்கச்சி புருஷன்,
மோகன்