கொசுவலைக்குள் உன் அப்பா

வடமதுரை சுற்றுவட்டாரப் பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: இன்று விடியற்காலையில் என் இடது காதுமடலைக் கொசு கடித்துவிட்டது. காது வீங்கி மெதுவடைப் பதத்துக்கு வந்திருக்கிறது. காதின் சொந்தக்காரர் நலம். கொசு தலைமறைவு.

சிரிக்காதே மாப்ள. சிரித்தாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை, அது வேறு. எத்தனை தடவை சோப்புப் போட்டும் என் விரல்களிலிருந்து வேப்பெண்ணெய் வாடை போகவில்லை. இட்லியைப் பிட்டால் இட்லியில் வேப்பெண்ணெய், பேனாவைப் பிடித்தால் பேனாவில் வேப்பெண்ணெய். அந்த வாடை வந்தாலே எங்கள் தோப்பில் இரண்டு தென்னைக்கு நடுவில் நீ நின்று கயிற்றில் துணி சுற்றிக்கொண்டிருப்பது கண்ணுக்கு முன்னால் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பரீட்சை முடிந்த வாரம் நான்கு வழிச் சாலையில் உனக்கு நடந்ததை எழுத எனக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கோ ஒரு காட்டில் யாரோ மரத்துக்கு மரம் துணி கட்டித் தொங்கிக்கொண்டு தூங்குவதைப் போனில் பார்த்துவிட்டு, நமக்கும் ஆளுக்கொன்று வாங்க வைத்தவன் நீ. கடையில் அதன் பெயர் ஹாமக். உன் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீசை முளைத்த பிறகு தொட்டில் கேட்கிறதாக்கும் என்றார். அவர் நம் வகுப்புக்கு வேதியியல் சார் என்பதால் நான் சிரிப்பை அடக்கினேன். நீ அவர் மகன் என்பதால் அடக்கினாய். அன்றிலிருந்து நமக்கும் அது தொட்டில்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் திண்டுக்கல்லில் பஸ் ஏறி எங்கள் தோப்புக்கு வருவாய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவாய். காய் பறித்து முடித்த மரங்களாகப் பார்த்து என் அப்பா நமக்குக் காட்டிவிட்டார். ஆகவே தேங்காயிடமிருந்து தலை தப்பியது. பூச்சிகளிடமிருந்து உடம்பைக் காப்பாற்றும் துறைக்கு நானே அமைச்சராகப் பதவியேற்றேன். எங்கள் கத்தரித் தோட்டத்தில் ஒரு விளக்குப்பொறி உண்டு. மேலே பல்பு, கீழே தண்ணீர்த் தட்டு. வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சி தட்டில் விழுந்து சாகும். கத்தரியைக் காப்பாற்றுகிற பொறி நம்மைக் காப்பாற்றாதா என்று அதைத் தூக்கிவந்து இரண்டு தொட்டிலுக்கும் நடுவில் மாட்டினேன். செத்த நேரத்தில் மாவட்டத்தில் இறக்கை முளைத்த அத்தனையும் வந்து இறங்கியது. வண்டு என் வாய்க்குள் போனது. அந்துப்பூச்சி உன் சட்டைக்குள் போனது. கொசுவுக்குக் கொசுறாகக் கயிறு வழியே கட்டெறும்பு வேறு. நீ கத்தவில்லை, குதிக்கவில்லை. சட்டையை உதறிக்கொண்டே சொன்னாய்:

“சீரியல் லைட்டு போட்டுப் பந்தலைக் கட்டிட்டு, விருந்தாளி வராதன்னா எப்படி மாப்ள?”

முகாம் போட வந்து ரத்ததான முகாம் நடத்தினோம் என்று திங்கட்கிழமை வகுப்பில் நான் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். என் கடிக்கு முன்னால் கொசுக்கடி எம்மாத்திரம் என்று நீ சொன்னதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

பிறகு தேறினோம். வேப்பெண்ணெயில் நனைத்த துணியைக் கயிற்றின் இரு முனையிலும் சுற்றிவிட்டால் எறும்பு அதுவரை வந்து, முகர்ந்து, திரும்பிப் போய்விடும். வலையை மேலே போட்டுக்கொண்டு பொழுது இறங்குமுன் உள்ளே போய்விட வேண்டும். உள்ளே போன் வெளிச்சம் கூடாது. அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் முதுகு முழுக்கக் குழிப்பணியாரம். வலையில் ஓட்டை தேடித் தேடி மண்டை காய்ந்தது. கடைசியில் பார்த்தால் கொசு உள்ளேயே வரவில்லை. தொட்டில் துணி முதுகோடு ஒட்டியிருக்கும் இடத்தில், அடியிலிருந்து, துணி வழியாகவே ஊசி போட்டிருக்கிறது. அப்புறம்தான் முதுகுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் நான் கண் திறந்து பார்க்கும்போது நீ தொட்டிலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பாய். “செம தூக்கம் மாப்ள” என்பாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். சொன்னால் உனக்காவது புரிகிறதா பார்.

போன வாரம் கல்லறைத் திருநாள். மழை விட்ட சாயங்காலம். நான் உன் கல்லறைக்குச் செவ்வந்தி வாங்கிக்கொண்டு வந்தேன், உனக்கு எது பிடிக்கும் என்று பூ விஷயத்தில் நாம் பேசியதே இல்லை. மெழுகுவர்த்திகளை ஈசல் மொய்த்துக்கொண்டிருந்தது. உன் அம்மா முந்தானையால் விரட்டிக்கொண்டிருந்தார்கள். சார் விரட்டாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் தோப்பில் ஒருநாள் படுக்கலாமா, அவன் படுத்த மாதிரியே, என்று கேட்டார்.

கதை விட்டு ஊரையே ஏமாற்றிய அனுபவம் எனக்கு உண்டு. அதனால் யார் என்ன சொன்னாலும் இதில் எங்கே பொறி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். அன்றைக்கும் தேடினேன். அவர் முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. வாங்க சார் என்றேன்.

நேற்று வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வருகிற அதே இஸ்திரி போட்ட சட்டை, கையில் டிபன் கேரியர். உன் தொட்டிலைத்தான் கட்டிவைத்திருந்தேன். ஏறத் தெரியாமல் ஏறி, அந்தப் பக்கமாக உருண்டு விழுந்தார். மாப்ள, அவருக்கு நான் வைத்த பட்டப்பெயர் உனக்குத் தெரியும். அவர் இப்படி ஒருநாள் விழ வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. விழுந்தார், நான் பக்கத்திலேயே நின்றேன், சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி, மண்ணைத் தட்டிவிட்டு, துணியை அகலமாக விரித்து முதலில் உட்காரச் சொன்னேன். சொன்னபடி செய்தார். அதுவும் எனக்கு என்னவோ போல இருந்தது.

படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தத் துணி எதற்கு, இந்தச் சாக்கு எதற்கு, இது யார் கண்டுபிடித்தது. எல்லாம் நான்தான் சார் என்றேன். சாக்கு உன் யோசனை என்பது நமக்குள் இருக்கட்டும். விளக்குப்பொறியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வலையை இழுத்து அடியில் முடிந்தேன். பொழுது இறங்கிவிட்டது. வலைக்குள் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. கொசுக்கள் வெளியே கச்சேரியைத் தொடங்கின.

“வீட்ல அவன் ஒழுங்காத் தூங்குனதே இல்லப்பா” என்றார் உள்ளேயிருந்து. “எப்ப எந்திரிச்சுப் பாத்தாலும் அவன் ரூம்ல லைட்டு எரியும். மார்க்கு மார்க்குன்னு நாந்தான் வெரட்டிக்கிட்டே இருந்தேன்.” பிறகு கேட்டார்: “இங்கயாச்சும் நல்லாத் தூங்குனானா?”

இதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குத்தான் வாய் மூளைக்கு முன்னால் ஓடுமே.

“கொறட்டை விட்டுத் தூங்குவான் சார். நான் முழிச்சிருந்து காவல் பாப்பேன். ஒரு கொசு அவன்கிட்ட அண்டாது.”

வலைக்குள் தொட்டில் லேசாக ஆடியது. அப்புறம், “அப்பச் சரி” என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்குச் சரியாகவே இல்லை. சந்தோஷப்பட்டாரா, அழுதாரா, வலைக்கு வெளியிலிருந்து எப்படித் தெரியும்.

சொன்னதை இன்றைக்காவது நிஜமாக்குவோம் என்று என் தொட்டிலுக்குப் போகாமல், ஒரு கொசுவத்தியை ஏற்றிக் காலடியில் வைத்து, உன் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். சாருக்குக் காவல். வேப்பெண்ணெய்ப் பாட்டிலும் கையில். ஆளைப் பார்த்திருந்தால் எல்லைப் படை வீரன் என்பாய்.

அந்த வீரனின் காதைத்தான் கொசு கடித்தது. முழித்திருந்தால் அடித்திருப்பேனே. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சரிந்துவிட்டேன் போல. கண் திறந்தபோது வெளுத்திருந்தது. நான் ஏற்றிய கொசுவத்தி சாம்பல். அதன் பக்கத்தில் இன்னொன்று பாதிவரை எரிந்துகொண்டிருந்தது, அதை நான் ஏற்றவில்லை. வலை சுருட்டி மேலே போடப்பட்டிருந்தது. சார் தொட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத் தூங்குனேன்ப்பா” என்றார். பூசைக்கு நேரமாகிறது என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

மாப்ள, நான் ஒருநாளும் காவல் காத்ததில்லை. தொட்டிலில் காலை நீட்டினால் எனக்கு அடுத்தது விடியல்தான். நீ குறட்டை விட்டு நான் கேட்டதில்லை, உனக்குக் குறட்டை வருமா என்றே எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்த உன்னைத்தான். அது எழுந்ததா, படுக்கவே இல்லையா என்று கேட்கத் தோன்றியதில்லை. தூங்கினேன் என்று நீ சொன்னாய், நம்பினேன். தூங்கினேன் என்று அவரும் சொல்கிறார், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாளைக்கு முதல் பீரியட் வேதியியல். அவரிடம் போய் உண்மையைச் சொன்னால் அந்த “அப்பச் சரி”யைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் உன்னைப் பற்றி அவரிடம் இருக்கிற ஒரே நல்ல சேதி என் வாய்ச்சவடாலாக இருக்கும்.

நீ இங்கே தூங்கினாயா மாப்ள? எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன்.