ஊசியின் முணுமுணுப்புக்கு ஒரு பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

என் பிறந்த நாளுக்கு மகன் வாங்கித் தந்த ரெக்கார்டு பிளேயர் இன்று சுற்றியது. சுற்றி என்ன பயன்? ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்கூடக் கொசு ரீங்காரம்தான். "நடுவுல ஒரு பெட்டி வேணும்மா. போனோ ப்ரீஆம்ப்னு பேரு. ஊசி முணுமுணுக்கறதை அதுதான் பெருசாக்கும்" என்றான். மாட்டை ஓட்டி வந்தவன் கயிற்றைச் சந்தையிலேயே விட்டுவிட்டான்.

என்னிடம் இருப்பது ஒரே ஓர் இசைத்தட்டு. மில்லில் நூல் சுற்றிய காலத்தில், மில்லின் பொன்விழாவுக்காகப் பன்னிரண்டு பெண்களை ஒரே மைக் முன்னால் நிறுத்திப் பதிந்தது. அட்டையில் 'பெண்கள் குழு' என்று மட்டும் போட்டுவிட்டார்கள். பாவிகள்.

மார்ச் 6

மகளின் மாமியார் வந்தார். என் மகளின் பெண், எங்கள் இருவருக்கும் பேத்தி, கல்லூரியில் பாடிப் பரிசு வாங்கினாளாம். "எங்க பக்கத்துக் குரல் சம்பந்தி. எங்க வீட்டுல தண்ணிக்குழாய்கூட சுதியோடதான் சொட்டும்."

நான் சும்மா இருப்பேனா? "என் குரல் ரெக்கார்டாவே வந்திருக்கு."

"அப்படியா? போடுங்களேன், கேப்போம்."

கொசுவையா போட்டுக் காட்டுவது? "ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அது எனக்கு முன்னால் போய் நிற்கும்.

மார்ச் 7

பேத்தி போனில் பெட்டிகளைப் பற்றிப் படித்துக் காட்டினாள். ஒருத்தன் இந்தப் பெட்டியின் சத்தம் வெதுவெதுப்பு என்கிறான். இன்னொருத்தன் அந்தப் பெட்டி குளிர்ச்சி என்கிறான். பாட்டுக்குக் காய்ச்சலா வந்திருக்கிறது? "நேர்ல போய்க் கேட்டுப் பாத்துடலாம் பாட்டி" என்றாள். என் பேத்தி. மூளையும் என் பக்கம்தான்.

மார்ச் 8, சனி

இசைத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேத்தியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று பெட்டிகளை மாற்றி மாற்றி மாட்டினார்.

விலை குறைந்ததில் பன்னிரண்டு பேரும் குழைந்து ஒரே குரலாகிவிட்டோம். நடுப் பெட்டியில் ஒவ்வொருத்தியாகப் பிரிந்து கேட்டது. அங்கேதான் வினை. இரண்டாவது சரணத்தில் பதினொரு பேர் மூச்சு இழுக்கும்போதே ஒருத்தி பாட்டை எடுத்துவிடுகிறாள். தன்னந்தனியாக. கணீரென்று. நான்தான்.

மூன்றாவது பெட்டியில், முந்திவிட்டோமே என்று நான் திடுக்கிட்டதுகூடக் கேட்டது. அதன் விலையைக் கேட்டு இன்னொரு தரம் திடுக்கிட்டேன்.

பேத்தி ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள், நல்லவேளை. "முதல் பெட்டியே கொடுங்க" என்றேன். மகன் கேட்டுவிட்டு, "அம்மாவோட சிக்கனம் யாருக்கும் வராது" என்கிறான். சொல்லட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"குழுவுலதான்."

"குழுன்னு சொல்லிட்டா நானும்தான் இருக்கேன் சம்பந்தி."

எல்லாரும் சிரித்தார்கள். பேத்திகூட! தப்பை மறைக்கப் போய் ஆளையே மறைத்துவிட்டேனே... எதற்கு இந்தப் புத்தி எனக்கு?

மார்ச் 10

பெட்டியை மாற்றினேன். நடுப் பெட்டி. கடைக்காரர், "இதுல என்னம்மா குறை?" என்றார்.

"குறை தெரியலைங்கறதுதான் குறை."

மனுஷன் என்னைப் பார்த்த பார்வை!

மார்ச் 16, ஞாயிறு

சம்பந்தியை நானே போன் போட்டு வரவழைத்தேன். இரண்டாவது சரணம் வந்தது. என் குரல் முந்திக்கொண்டு பாய்ந்தது. மகன் என்னைப் பார்த்தான். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அது நான்தான்" என்றேன். "நான் முந்தலை. அந்தப் பதினொண்ணும் பிந்திடுச்சு."

சம்பந்தி சிரிக்கவில்லை. திரும்பிப் பேத்தியை முறைத்தார். "ஏண்டி, பாட்டு வாத்தியார் தினமும் உன்னை இதுக்குத்தானே திட்டறாரு? முந்திரிக்கொட்டை, முந்திரிக்கொட்டைன்னு! எங்க பக்கத்துல யாருக்குமே இந்தப் பழக்கம் கிடையாதே, எங்கேர்ந்து வந்துச்சுன்னு நானும் மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

பேத்தி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. "இன்னொரு தரம் போடட்டுமா சம்பந்தி?"

மார்ச் 21

சம்பந்தி காலையிலேயே போனில் கூப்பிட்டார். நேற்று மேடையிலும் அவள் முந்திவிட்டாளாம். "உங்க பேத்தி பண்ணின வேலையைக் கேளுங்க" என்றுதான் தொடங்கினார்.

உங்க பேத்தி.

சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லி, திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.