அம்மன் பந்தலில் ஒரு பயற்றங்கொடி

1943 ஏப்ரல் 6
பயற்றங்கொடிக்குத் துரு பிடித்துவிட்டது. இலையைத் தடவினால் விரலில் செங்கற்பொடி மாதிரி ஒட்டுகிறது. வீடு என் மனைவி சின்னத்தங்கத்தின் சீதனம், வீட்டைச் சுற்றிய வளவும் அவள் சீதனம். எனக்கென்று இங்கே கிடைத்தது இந்த நோய் ஒன்றுதான்.

சண்டையால் அரிசி கூப்பனுக்கு வந்ததிலிருந்து எங்கள் மீதி வயிற்றை நிரப்புவது பயறு. அதுவும் போனால்?

ஏப்ரல் 9
காயிலும் புள்ளி.

ஏப்ரல் 15
விவசாயக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற ஐயா வந்தார். துருவுக்குத் தெளிக்க மயில்துத்தம் கேட்டேன். “சண்டை முடியட்டும், கப்பல் வரட்டும்” என்றார். போகிற வழியில் கிணற்றடியில் நின்றுவிட்டார். அங்கே ஒரு கொடி. இரண்டு பக்கமும் துருப்பிடித்த கொடிகள், நடுவில் இது மட்டும் கழுவித் துடைத்த மாதிரி.

“இதுக்குப் பிறவியிலேயே நோயைத் தாங்குற குணம் இருக்கு. காயைத் தின்னாதீங்க, கொடியிலேயே முத்தவிட்டு விதை எடுங்க. எல்லாப் பிள்ளைக்கும் தாயிட குணம் வராது. வந்ததை மட்டும் வச்சு மறுகா விதைங்க.”

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது. மகள் பூரணிக்கு என் மூக்கு. அவள் அண்ணனுக்குத் தாயின் மூக்கு, தப்பிப் பிறந்தவன்.

ஏப்ரல் 24
வில்லங்கம். பூரணிக்குத் தலைப்பிள்ளை, அடுத்த மாதம். சுகமாகப் பெற வேண்டுமென்று, வளவின் முதற்காயைக் கண்ணகை அம்மன் சடங்குக்குத் தருவதாகச் சின்னத்தங்கம் நேர்ந்திருக்கிறாள்.

“எந்தக் கொடியில?” என்றேன்.

“இதென்ன கேள்வி? புள்ளி விழுந்ததையா அம்மனுக்கு வைக்கிற? கிணத்தடிக் கொடிதான்.”

“அது விதைக்கு.”

“விதை எங்கயும் கிடைக்கும். பிள்ளை கிடைக்குமா?”

எங்கே கிடைக்கும்? ஊர் முழுக்கத் துரு. 

ஏப்ரல் 30
கிணற்றடிக் கொடியைத் தென்னோலைக் கிடுகு கட்டி மறைத்தேன். கிளிக்காக என்று சொல்லியிருக்கிறேன். கிளி கேட்டால் சிரிக்கும்.

மே 7
காயின் தோல் மஞ்சளாகிறது. இன்னும் கொஞ்ச நாள் கொடியில் கிடந்தால் போதும். அடுத்த கிழமை சடங்குக்காக அம்மன் கோயில் கதவு திறக்கிறார்கள். கண்ணகையோடு போட்டி போடுகிற மனிசனைப் பார்க்க வேண்டுமானால் என் வளவுக்கு வரலாம்.

மே 13
பூரணிக்குக் காலையிலிருந்து நோவு. பிள்ளை குறுக்கே கிடக்குதாம். மருத்துவிச்சி என் முகத்தைப் பார்க்காமல் சுடுதண்ணி கேட்கிறாள். உள்ளே சின்னத்தங்கம், “பயப்படாத கா மகள், பயப்படாத கா” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பூரணி “அப்பா” என்று கத்தினாள். தாய் பக்கத்திலிருக்க என்னையல்லவா கூப்பிட்டாள்.

எதுக்கடா மறைச்ச நீ? ஒரு கொடிக்கா?

சின்னத்தங்கம் வெளியே வந்தாள். கிடுகைப் பார்த்தாள், திரும்ப உள்ளே போனாள்.

கத்தியை எடுத்தேன். ஒவ்வொரு காயாகப் பறிக்கக் கை நிற்கவில்லை. கொடியையே அடியோடு அறுத்து, தோளில் சுற்றிக்கொண்டு ஓடினேன். கோயிலில் பூசைக்கு நிற்கிற கட்டாடியார் ஒரு காயை முறித்துப் பார்த்தார்.

“என்ன ஓய், நார் விழுந்துபோச்சு. இது மடையில படைக்க ஆகாது.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சரி சரி. பந்தல்ல கட்டுங்க.”

கட்டினேன். கும்பிட்டேனா என்று ஞாபகமில்லை.

மே 14
பெண்பிள்ளை. இரண்டு உயிரும் இருக்கிறது. பூரணி தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

மே 20
நேற்றுக் குளிர்த்திப் பூசையோடு சடங்கு முடிந்தது. இன்று பந்தல் பிரிக்கிறார்கள். பந்தலில் கட்டியதை ஆளுக்கொன்றாக அவிழ்த்துப் போவது வழக்கம். என் காய் இந்நேரம் பந்தலிலேயே காய்ந்து விதையாகியிருக்கும். ஆனால் எங்களுக்குப் பிள்ளைத் துடக்கு. கோயில் வீதியை மிதிக்கக் கூடாது.

வேலிப் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வளவு நல்லரத்தினம் கையில் காயோடு வந்தான்.

“எனக்கும் ஒண்டு தா.”

“துடக்கு வீட்டுக்கு அம்மன்ட பொருளா? நல்லாயிருக்கே கத! கழியட்டும், தாறன்.”

கிணற்றடியில் கொடியில்லை, கையில் காயில்லை. கறிக்கு ஆகாதென்று மற்றவர்கள் எறிந்துவிட்டால்?

யூன் 15
துடக்குக் கழிந்தது. நல்லரத்தினம் வேலிக்கு மேலால் ஒரு காயை நீட்டினான்.

“மத்தச் சனம் காயை என்ன செஞ்சது?” என்றேன்.

“என்ன செய்யிற? அம்மன்ட காயை ஆரும் எறிவானா? எல்லா வீட்டிலயும் விதைக்கு அடுப்புக்கு மேல தொங்குது.”

கந்தோர் ஐயா சொல்லியிருந்தால் ஒருத்தன் தொங்கவிட்டிருப்பானா? நான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

1944 மே 5
இந்த முறையும் துரு. பழைய விதை போட்டவர்களுக்குச் செங்கற்பொடி. பந்தல் விதை போட்ட வளவெல்லாம் பெரும்பாலும் பச்சை. என் பாத்தியில் சிலதுக்கு மட்டும் பிடித்திருக்கிறது. ஒரே காய்க்குள் நெருக்கிக்கொண்டு கிடந்த சகோதரங்கள்! பிடித்ததைப் பிடுங்கி எரித்தேன்.

நல்லரத்தினம் முகம் செத்து வந்தான். அவனுடையதிலும் இரண்டு கொடிக்குத் துருவாம். “அம்மனுக்கு நான் என்ன குத்தம் செஞ்சன்?”

“நீ ஒண்டும் செய்யல்ல. அதுகள் வேற மூக்கோட பிறந்ததுகள். அதுகள்ட விதையை மட்டும் எடுக்காத.”

என் மூக்கைப் பார்த்தான். விளங்கியதோ என்னவோ, தலையாட்டினான்.

யூன் 1
சின்னத்தங்கம் சடங்குக்குக் காய் பறிக்கக் கூடையோடு வந்தாள். பாத்தியடியில் நின்று, “எதில பறிக்கட்டும்?” என்றாள். போன வருசம் கேட்காத கேள்வி.

“விருப்பமானதில பறி.”

கிணற்றடியில் நிற்கிற நல்ல கொடியை அவள் தொடவில்லை. மற்றதில் பறித்தாள். கூடை நிறைந்தது.

பேத்தி மண்ணில் குந்தியிருந்து, உதிர்ந்த பயற்றம்பூவை வாயில் வைத்தாள். மூக்கு என்னுடையது, பாவம்.