மாத்திரையை நிறுத்திவிட்டேன், மச்சான்

என் சந்தியாகு மச்சானுக்கு,

நீ படுத்திருக்கும் மணலுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சாலையும் சில பனைமரங்களும்தான் இருக்கின்றன. சத்தம் போட்டுக் கூப்பிட்டாலே கேட்டுவிடும். ஆனாலும் எழுதுகிறேன். கடலுக்குப் போய்வந்து தூங்க வேண்டிய மத்தியானம் இது. படுத்தால் நீ வருவதில்லை என்று தெரிந்துபோனதால் படுக்கவே பிடிக்கவில்லை. இதை ஊரார் படித்தாலும் படிக்கட்டும். நம்மிடம் என்ன ரகசியம் இருந்தது, ஒரு பீடியை ஆளுக்குப் பாதி இழுத்ததைத் தவிர?

படகு ஓடுகிறது. நீ நின்ற இடத்தில் இப்போது நான் நின்று ஓட்டுகிறேன். இறால் வரத்து சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, இலங்கை எல்லைப் பயம் அப்படியே இருக்கிறது. உன் தங்கை பிலோமி நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. என் பெண்டாட்டி என்பதைவிட உன் தங்கை என்பதுதான் அவளுக்கு இப்போது பெரிதாக இருக்கிறது. அதற்கு அவளைக் குறை சொல்லி என்ன செய்ய?

நீ மூச்சுக்குத் தவித்துத் தவித்துப் போனதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அப்படியும் பீடியை விடவில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு, கல்லறைத்தோட்டத்து வாசலிலேயே ஒன்றைப் பற்றவைத்தேன். இந்த வருடம் சந்தியாகப்பர் கோயில் திருவிழா முடிந்து கடலுக்குப் போனபோது, வலையைத் தூக்கும் நேரத்தில் மூச்சு வாங்கி அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் பிலோமி என்னை ராமநாதபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உன்னைப் பார்த்த அதே நெஞ்சு டாக்டரம்மாதான்.

"அவரு கூடவே இருந்தவர்தானே நீங்க?" என்று கேட்டார். குழாயில் ஊதச் சொன்னார், படம் எடுக்கச் சொன்னார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவருக்கு வந்ததோட ஆரம்பம் உங்களுக்கு இருக்கு. இப்ப விட்டா இதோட நிக்க வாய்ப்பிருக்கு. விடலன்னா நான் சொல்லணும்னு இல்ல, நீங்களே பாத்திருக்கீங்க" என்றார். பிலோமி என் கையைப் பிடித்தாள். டாக்டருக்கு முன்னால் அவள் என் கையைப் பிடிப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

பீடி ஆசையை மறக்கடிக்கிற மாத்திரை என்று ஒன்று எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, மூன்று மாதம். அது வேலை செய்தது, மச்சான். கொஞ்ச நாளிலேயே பீடி காய்ந்த ஓலையை இழுக்கிறமாதிரி ஆகிவிட்டது. படகில் நீ பீடிக்கட்டைச் செருகி வைக்கிற அந்தப் பலகை இடுக்கில் மாத்திரை அட்டையைச் செருகி வைத்தேன். ஆனால் குமட்டல்தான் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து கடலில் வாந்தி எடுக்காதவன் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அருளப்பன், "என்னண்ணே, மாசமா இருக்கீகளா? மாங்கா வாங்கிட்டு வரவா?" என்றான். படகே சிரித்தது. நீ இருந்திருந்தால் அவனுக்கு முன்னால் நீ கேட்டிருப்பாய்.

அந்த மாத்திரை சிலருக்குக் கனவைக் கிளப்பும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். என்ன கனவு வரப்போகிறது என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்தது நீ. கடலிலிருந்து வந்து படுக்கிற பகல் தூக்கத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிற்பாய். "ஏலே மாப்ள, பீடி வச்சிருக்கியா?" என்பாய். நான் சட்டைப்பையைத் தடவுவேன். "இல்ல மச்சான்" என்பேன். நீ கோபிக்கவும் மாட்டாய், போகவும் மாட்டாய். மூச்சு வாங்காமல், நெஞ்சைப் பிடிக்காமல், பழைய ஆளாகச் சும்மா நிற்பாய். விழித்தபிறகு தலையணை நனைந்திருக்கும்.

இதைப் பிலோமியிடம் சொன்னபோது கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நீ போனதிலிருந்து ஒரு நாளும் அவள் கனவில் நீ வரவில்லையாம். ஏன் மச்சான்? கூடப் பிறந்தவளை விட்டுவிட்டு என்னிடம் மட்டும் வருவதற்கு உனக்கு எப்படி மனசு வந்தது? அன்று முதல் நான் எழுந்ததும் டீயை நீட்டிக்கொண்டே, "அண்ணன் வந்தாகளா?" என்பாள். வந்தாக என்றால் முகமெல்லாம் மாறிவிடும். "மூச்சு வாங்குச்சா?" "இல்ல." "சாப்பிட்டாகளான்னு கேட்டீகளா?" "கேக்கலையே." "அதக் கேக்காம வேற என்னத்தக் கேட்டீக?" என்று வைவாள். பூசைக்கு நேரம் தவறினாலும் என் மாத்திரைக்கு அவள் நேரம் தவறியதில்லை.

மூன்று மாதம் முடிந்து அக்டோபர் கடைசியில் போனோம். டாக்டரம்மா ஊதச் சொல்லிப் பார்த்தார், முகம் கொஞ்சம் தெளிந்தது. "இப்ப நிறுத்தலாம். தைரியம் வரலன்னா இன்னொரு மூணு மாசம் போட்டுக்கலாம், அதுலயும் தப்பில்ல. முடிவு உங்க கையில" என்றார். நிறுத்தலாம் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். வழக்கமாக மனசு பீடி கேட்கிற இடத்திலெல்லாம் கேட்காமல் இருக்கிறதா என்று கேட்டார்.

"மாத்திர போடுறதால எங்கயுமே கேக்கல டாக்டர். நிறுத்துனா கேக்குமான்னு எப்படித் தெரியும்?"

"அது நிறுத்தினாத்தான் தெரியும்."

"போடட்டும் டாக்டர், இன்னும் போடட்டும்" என்றாள் பிலோமி, அவசரமாக. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பேச்சில் பாதி என் உயிருக்காக, பாதி உனக்காக என்று எனக்குத் தெரியும். எனக்குமே அப்படித்தான் இருந்தது. கல்லறைத் திருநாள் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

கல்லறைத் திருநாளுக்கு உன்னைப் பார்க்க வந்தோமே, உனக்குத் தெரிந்ததா? வாடைக்காற்று சுற்றி அடித்தது. எல்லோரும் மணலில் குழி பறித்து மெழுகுதிரியை உள்ளே நிறுத்தினார்கள். அவரவர் செத்தவருக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள், ஒரு வீட்டில் மிக்சர், இன்னொரு வீட்டில் வெற்றிலை. உனக்குப் போன வருடம் வைத்தமாதிரியே பீடி. வாங்கிவந்து கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பீடியை வாயில் வைத்து இழுக்காமல் பற்றவைக்க முடியாது. போன வருடம் அதைப்பற்றி யோசிக்கவே இல்லை, இழுத்துப் பற்றவைத்து உன் தலைமாட்டில் நட்டுவிட்டேன். இந்த வருடம் தீப்பெட்டியை ஒரு கையிலும் பீடியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன்.

"குடுங்க இங்கன. எங்க அண்ணனுக்கு நான் வைக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள் பிலோமி.

அவ்வளவு பேர் பார்க்க வாயில் வைத்தாள். சேலைத் தலைப்பால் காற்றை மறைத்துக்கொண்டு இழுத்தாள். இருமல் வந்து குனிந்துவிட்டாள். நட்டு வைத்த பீடி அணைந்துபோனது. இழுக்க ஆளில்லாத பீடி எரியாதே, மச்சான். மறுபடி எடுத்துப் பற்றவைத்தாள். மறுபடி அணைந்தது. மூன்றாவது தரம் அவளுக்கு இருமல் வரவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக இழுத்தாள். நீ இழுப்பது அப்படித்தான். புகைக்குள் உன் முகத்தை அவள் முகத்தில் பார்த்தேன்.

பிடுங்கினேன். என் விரல் அதை எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படித்தான் பிடித்தது, அது எதையும் மறந்திருக்கவில்லை. கனன்றுகொண்டிருக்கும் பீடி என் கையில், முகத்துக்கு நேராகப் புகை. எனக்கு ஆசை வரவில்லை. மணலில் குத்தி அணைத்தேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர், "நல்ல மனவுறுதி, ராயப்பா" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. அணைத்தது நானா, காலையில் விழுங்கிய மாத்திரையா? எனக்குத் தெரியவில்லை. ஆயுசு முழுக்கத் தெரியாமலே இருந்துவிடுவேனோ என்று பயந்தேன். ஆயுசு முழுக்க மாத்திரை தரமாட்டார்களே. இன்னும் மூன்று மாதம் கழித்தும் இதே கேள்வியோடு இதே இடத்தில்தான் நிற்பேன். அதற்குள் உன் தங்கை பீடி பிடிக்கக் கற்றுக்கொண்டுவிடுவாள்.

மறுநாள் காலை அவள் நீட்டிய மாத்திரையை வாங்கவில்லை. நிறுத்தப்போகிறேன் என்றேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், ஆசை தாங்க முடியாமல் போனால் உடனே வாங்க என்றார். பிலோமி சண்டை போடவில்லை. அட்டையை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்துதான் கேட்டாள்: "அப்ப இனிமே அண்ணன் வரமாட்டாகளா?"

நான் உன்னை இரண்டாம் முறை அடக்கம் செய்தவனைப்போல் நின்றேன். அதற்குப் பிறகு நீ வரவில்லை. தூங்கி எழுந்தால் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. முதலில் சில நாள் டீயோடு வந்து கேட்டாள். இப்போது டீயை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அது கேட்பதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

ஆசை திரும்பி வந்துவிட்டது, மச்சான். மறைக்க மாட்டேன். வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் வருகிறது. அருளப்பன் பாவம், நான் இருக்கும் பக்கம் பார்த்து இழுப்பதில்லை, பின்பக்கம் போய் இழுக்கிறான். காற்று எனக்குத்தான் கொண்டுவருகிறது. நெஞ்சில் எந்த இடத்தில் உன் நினைப்பு வலிக்கிறதோ அதே இடத்தில்தான் பீடியும் கேட்கிறது. எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு தரமும் வேண்டாம் என்று சொல்லும்போது உன்னை வேண்டாம் என்று விரட்டுவதுபோல் இருக்கிறது. ஜெயித்துவிட்டேன் என்றெல்லாம் எழுதமாட்டேன். நாளைக்கு இழுத்துவிடுவேனோ என்று இன்றைக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இதுவரை இழுக்கவில்லை, இழுக்காதது நான்தான். அவ்வளவுதான் செய்தி.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த கல்லறைத் திருநாளுக்குப் பீடி கொண்டுவர மாட்டேன். உன் தங்கையையும் கொண்டுவர விடமாட்டேன். அதற்குள் எப்போதாவது நீ வந்து கேட்டால், முன்போலப் பையைத் தடவிவிட்டு இல்லை என்று சொல்ல மாட்டேன். தரமாட்டேன் மச்சான் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். ஆனால் என்னிடம் வர வேண்டாம். வருவதாக இருந்தால் பிலோமி தூக்கத்தில் ஒரு தரம் வா. சாப்பிட்டாயா என்று கேட்க அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் தங்கையைக் கட்டிய,
உன்னோடு பாதிப் பீடி இழுத்த மாப்பிள்ளை,
ராயப்பன்