பித்தளை முள்

நஜீமாவின் அத்தாவுக்கு,

பொன்மலை ஏலத்தில் நீங்கள் வாங்கி வந்த பாரோமீட்டரை இன்றுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். அதில் முள் இரண்டு. கறுப்பு முள் தானாக நகர்ந்து வானிலையைச் சொல்கிறது. பித்தளை முள், நாம் குமிழைத் திருகினால்தான் அசையும். நீங்களோ தினமும் தொழுதுவிட்டு வந்து, கடியாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் குமிழைத் திருகி, பித்தளை முள்ளை ‘நல்ல வெயில்’ மேல் நிறுத்திவிட்டு, அதையே எங்களுக்குப் படித்துச் சொல்கிறீர்கள். பெரிய விஞ்ஞானி.

அதை நம்பித்தானே நாளை மறுநாள் நிக்காஹ் பந்தலுக்குக் கீற்று வேண்டாம், துணியே போதும் என்று பந்தல்கார வெள்ளைச்சாமியிடம் சொன்னீர்கள்? நேற்று நான் கேட்டதற்கு, “முள்ளே சொல்லுது, ஒனக்கென்ன தெரியும்?” என்றீர்கள்.

கறுப்பு முள் எங்கே நிற்கிறது என்று பக்கத்து வீட்டு வஹீதாவை அந்த இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கச் சொன்னேன். ‘மழை’யாம்.

வெள்ளைச்சாமியிடம் கீற்றே போடச் சொல்ல உறையூர் போகிறேன். நஜீமா வஹீதா வீட்டில் மருதாணி வைத்துக்கொள்கிறாள். சோறு அடுப்பு மேல், மீன் ஆணம் உறியில்.

ஷரபுன்னிசா

மறந்துவிட்டேன். சம்பந்தி வீட்டார் வந்தால் அந்தக் கருவியை அவர்களுக்குக் காட்ட வேண்டாம். பெண்ணுக்கும் அத்தாவின் மூளைதான் என்று நினைத்துவிடுவார்கள்.

குடையை நான் எடுத்துக்கொண்டேன். எப்போது திரும்புவேன் என்று தெரிய வேண்டுமானால், பித்தளை முள்ளை உங்களுக்குப் பிடித்த இடத்தில் திருகி வைத்துக்கொள்ளுங்கள்.