உகாண்டாவில் பொழுது சாயும் நேரம்

திண்டிவனம்

சாந்தினி அப்பாவுக்கு,

பள்ளியில் உகாண்டாவைப் பற்றி எழுதிவரச் சொன்னார்களாம். நீங்கள் சொன்னதையெல்லாம் சாந்தினிக்குச் சொன்னேன். பெரிய ஏரி, செம்மண், வாழைத்தோப்புகள். ஏற்றுமதிக்குக் காப்பி. மக்களில் பாதிக்கு மேல் சிறுவயதுக்காரர்கள். நம்மூர் போலவே கேப்பையும், நாம் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளைகின்றன.

வருஷம் முழுக்க அங்கே ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொழுது சாய்வதால், நம் ஜைன வழக்கப்படி இருட்டுவதற்குள் சாப்பிடுவது சுலபம் என்பீர்கள். தனியாகச் சமைப்பதாகவும் சொல்வீர்கள்.

நேற்று வீடியோவில் உங்களுக்குப் பின்னால் ஜன்னல் இருண்டிருந்தது. மேசையில் சோறு போட்ட இரண்டு தட்டுகள் இருந்தன. நீங்கள் போனைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"அப்பா அங்க எத்தினி மணிக்கும்மா சாப்புடுவாரு?" என்று காலையில் சாந்தினி கேட்டாள்.

"பொழுதோடயே தனியா சமைச்சிக்கினு சாப்புட்டுடுவாரு" என்றேன்.

அதையும் எழுதி எடுத்துப் போயிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா